அப்பாவின் ஆபீஸ், 796 சி.சி.

மனைவி வங்கிக்குப் போகிறார், கணவர் வீட்டில் மொழிபெயர்க்கிறார். ஒரு தில்லித் தமிழ்க் குடும்பத்தின் பழைய மாருதியும் மகளின் பாட்மின்டனும்.

பள்ளிக்கூட விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்துக்கு வந்ததும் என் பேனா சற்று நின்றுவிடும். மனைவியின் கட்டத்தில் இந்தத் தொல்லை கிடையாது. பொதுத்துறை வங்கி, அதிகாரி, கிளையின் முகவரி, தொலைபேசி எண் என்று மளமளவென்று நிரம்பிவிடும். 2013-இல் மகளைச் சேர்க்கப் போனபோது என் கட்டத்தில் 'மொழிபெயர்ப்பாளர்' என்று எழுதினேன். அடுத்த கட்டம் அலுவலக முகவரி. வீட்டு முகவரியையே மறுபடியும் எழுதினேன். கவுன்டரில் இருந்த அம்மாள் அதைப் பார்த்தார். நான் கட்டம் மாறி எழுதிவிட்டதாக நினைத்து ஒரு கோடு போட்டு அடித்தார். "பாயிசாப், இங்கே ஆபீஸ் அட்ரஸ் எழுத வேண்டும்" என்று இந்தியில் பொறுமையாக விளக்கினார். ஆபீஸே அதுதான் என்றேன். அவர் என்னையும் என் மனைவியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மனைவியிடம் அடுத்த கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

நான் வீட்டோடு இருப்பதற்குப் பெரிய புரட்சிக் காரணம் எதுவும் இல்லை. 2010-இல் மனைவிக்குப் பதவி உயர்வு வந்தது, கூடவே தில்லிக்கு மாற்றலும் வந்தது. நான் சென்னையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். இரண்டு சம்பளங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் யார் வேலையை விட வேண்டும் என்று விவாதிக்க இடமே இல்லை. மகளுக்கு அப்போது ஏழு மாதம். மயூர் விஹாரில் இரண்டு அறை வீடு. தமிழில் எம்.ஏ. படித்தவனுக்குத் தில்லியில் யார் வேலை தருவார்கள் என்ற என் பயம்தான் பொய்யாகிப்போனது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், வங்கியின் கடன் படிவம், மிக்ஸியின் உத்தரவாத அட்டை, காப்பீட்டுப் பத்திரம் என்று தமிழாக்க வேண்டிய சரக்கு இந்தத் தலைநகரில் மலைபோலக் குவிந்து கிடக்கிறது. ஒரு சொல்லுக்கு இத்தனை பைசா என்று கணக்கு. அகநானூற்றில் தேர்வு எழுதி வாங்கிய முதல் வகுப்பு, 'குலுக்கிவிட்டுப் பயன்படுத்தவும்' என்று எழுதுவதற்குப் போதுமானதாகவே இருந்தது.

வருமானம் வரும் வேலை இருந்ததால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பார்வையில் நான் தப்பித்துக்கொள்வேன். வீட்டு வேலையை மட்டும் செய்கிறவர்கள் அந்தக் கணக்கில் 'வேலை செய்யாதோர்' பட்டியலில்தான் வருகிறார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஓர் ஆய்வு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவிகிதம், ஆண்கள் 26.1 சதவிகிதம். ஈடுபட்ட பெண்கள் சராசரியாக 299 நிமிடங்கள் உழைத்தார்கள், ஆண்கள் 97 நிமிடங்கள். அந்த 97-ஐப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது உண்மை. மனைவி அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த 299-ஐ எங்கம்மா காலைல எட்டு மணிக்குள்ளே முடிச்சிடுவாங்க" என்றாள். கர்வம் அதோடு போயிற்று.

அவள் அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். திருச்சியிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வருவார். மாப்பிள்ளை பாத்திரம் தேய்ப்பதை அவரால் கண்கொண்டு பார்க்க முடியாது. "அதை அங்கேயே வைங்க மாப்ளே, நான் பாத்துக்கறேன்" என்பார். நான் கேட்கவில்லை என்று தெரிந்ததும் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து, எனக்கு முன்னால் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிடுவார். அவர் இருக்கும் ஒரு மாதமும் எங்கள் இருவருக்கும் இடையே சத்தமில்லாமல் ஒரு போட்டி நடக்கும். நான் மூன்றரைக்கு எழுந்து ஒருநாள் ஜெயித்தேன். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை.

கோவில்பட்டியிலிருந்து வந்த என் அப்பாவின் அணுகுமுறை வேறு. ஒரு தீப்பெட்டி ஆலையில் முப்பத்தைந்து வருடம் கணக்கு எழுதியவர். காலை எட்டு மணிக்குச் சைக்கிளை எடுத்தால்தான் அது வேலை. தில்லிக்கு வந்த முதல் வாரம், தினமும் காலையில் காப்பி குடித்துக்கொண்டே, "ஏப்பா, இன்னிக்கும் லீவா?" என்று கேட்பார். இரண்டாவது வாரம் கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் அதிகம் உறுத்தியது.

கார் வந்ததும் அந்த 2010-இல்தான். மாடியில் குடியிருந்த மலையாளி அதிகாரி ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பினார். அவருடைய வெள்ளை மாருதி 800, 2007 மார்ச்சில் பதிவானது. பாதி விலைக்கும் குறைவாகத் தந்துவிட்டுப் போனார். அந்த வருடம் ஏப்ரலோடு தில்லி உட்பட 13 நகரங்களில் மாருதி 800 விற்பனை நின்றுவிட்டது. புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு அந்த என்ஜின் ஒத்துவரவில்லை. 2014 ஜனவரியில் தயாரிப்பே முடிந்துபோயிற்று. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தியின் கையால் முதல் சாவியை வாங்கிய ஹர்பால் சிங்கும் தில்லிக்காரர்தான். குலுக்கலில் கிடைத்த அந்தக் காரை 2010-இல் இறக்கும்வரை அவர் வேறு யாருக்கும் விற்கவில்லை. தில்லியில் மாருதி 800 பற்றிப் பேச்செடுத்தால் ஆட்டோ டிரைவரிலிருந்து அரசுச் செயலாளர் வரை எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். எங்கள் கல்யாணத்துக்கு வாங்கியது, அப்பா எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது, ஏழு பேர் ஏறிக்கொண்டு ஹரித்வார் போனது. என் கதையில் அது ஆபீஸ்.

அதற்கு முன் ஒரு வேடிக்கை. 2013-இல் கார் ஒன்றின் உரிமையாளர் கையேட்டைத் தமிழாக்கும் வேலை வந்தது. முந்நூறு பக்கத்துக்கு மேல். கலைச்சொல் பட்டியல் ஒன்றும் கூடவே வந்தது. அதில் கிளட்ச் என்பது 'உரசிணைப்பி'. கோவில்பட்டியில் என்னோடு படித்து, இப்போது மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் நண்பனுக்குப் போன் செய்து, உரசிணைப்பி என்றால் என்ன என்று கேட்டேன். ஏதாவது சாப்பிடும் பொருளா என்றான். சொன்னேன். "எலே, அப்ப கிளட்சுன்னே எழுதிட்டுப் போயேன். வண்டி ஓட்டுறவன் நடுரோட்டுல நிக்கணுமா?" கிளட்ச் என்றே எழுதினேன். அந்தக் கையேட்டில் காற்றுப்பை பற்றி மட்டும் இருபது பக்கம். காற்றுப்பை உள்ள முன் இருக்கையில், பின்பக்கம் பார்த்தபடி குழந்தை இருக்கையை ஒருபோதும் பொருத்தக் கூடாது, மரணம் நேரலாம் என்ற எச்சரிக்கையை ஐந்து இடங்களில் ஐந்து விதமாக எழுதினேன். என் காரில் காற்றுப்பையே கிடையாது. பவர் ஸ்டியரிங்கும் கிடையாது. பின் இருக்கையில் மகளை உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, அந்த எச்சரிக்கைகள் தலைக்குள் ஓட ஓட, மணிக்கு 35 கிலோமீட்டரில் ஊர்ந்தேன்.

2016 ஜனவரியில் அரசாங்கமே எனக்கு ஒரு பாடம் நடத்தியது. காற்று மாசைக் குறைக்க, 1-ஆம் தேதி முதல் 15 வரை, ஒற்றைப்படை எண் கார்கள் ஒற்றைப்படைத் தேதிகளிலும் இரட்டைப்படைக் கார்கள் இரட்டைப்படைத் தேதிகளிலும் மட்டுமே ஓட வேண்டும் என்றார்கள். மீறினால் 2,000 ரூபாய் அபராதம். பெண்கள் மட்டும் செல்லும் கார்களுக்கு விலக்கு உண்டு. அந்தப் பெண்களோடு 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருந்தாலும் விலக்கு உண்டு. ஓட்டுவது அப்பாவாக இருந்தால் விலக்கு இல்லை. ஒன்றரை வயது மகனுக்குத் தடுப்பூசி போட வேண்டிய நாள் இரட்டைப்படைத் தேதி, என் கார் ஒற்றைப்படை எண். மனைவிக்கு லீவு கிடையாது. ஒரு கையில் மகன், ஒரு கையில் ஆறு வயது மகள், தோளில் டயபர் பை சகிதம் ஆட்டோவுக்காக நோய்டா இணைப்புச் சாலையில் நாற்பது நிமிடம் நின்றேன். விதி எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தையோடு காரில் போகிறவர் தாயாகத்தான் இருப்பார் என்று நினைத்திருக்கிறார். பார்த்ததை வைத்து எழுதியிருக்கிறார். அதே ஆண்டு ஏப்ரலில் இரண்டாம் முறை அமல்படுத்தியபோது, சீருடையில் உள்ள பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் கார்களுக்கு விலக்கு வந்தது. சீருடை இருந்தால் அப்பாவுக்கும் அனுமதி என்று நான் அதை மொழிபெயர்த்துக்கொண்டேன்.

அந்த ஆகஸ்டில் ரியோவில் பி.வி. சிந்து வெள்ளி வாங்கினார். இறுதி ஆட்டத்தை மகள் என் மடியில் உட்கார்ந்து பார்த்தாள். மறுநாள் பூரிக் கட்டையை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் பந்தடிக்க ஆரம்பித்தாள். இந்தியா முழுவதும் அந்த வாரம் எத்தனை பூரிக் கட்டைகள் உடைந்தனவோ தெரியாது. சிந்துவின் தந்தை ரமணா வாலிபால் வீரர், ரயில்வே ஊழியர். மகளைப் பயிற்சிக்காகத் தினமும் நெடுந்தூரம் அழைத்துப் போன கதை எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அதைப் படித்தபோது எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். என்னிடம் மகள் இருக்கிறாள், கார் இருக்கிறது, மாலை நாலு மணிக்கு வீட்டில் இருக்கும் அப்பாவும் இருக்கிறார்.

கர்கர்டூமா பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தேன். வாரத்தில் நாலு நாள், மாலை நாலரையிலிருந்து ஆறரை வரை. எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான் என்றாலும், தில்லி மாலை நெரிசலில் முக்கால் மணி நேரம் ஆகிவிடும். மகனைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டுவிட்டுக் கிளம்புவேன்.

கோவில்பட்டியைத் தெரிந்தவர்களுக்கு அங்கே ஹாக்கி எப்படி ஊறிக் கிடக்கிறது என்று தெரியும். நானும் பள்ளிக்கூட அணியில் ஃபுல் பேக் ஆடினேன். கரிசல் மண்ணில் முழங்கால் தேய்ந்து வீட்டுக்கு வந்தால் அம்மா மஞ்சள் வைப்பாள். அப்பா என் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஜெயித்தாயா என்று கேட்டதும் இல்லை. அதில் எனக்கு அப்போது வருத்தம் எதுவும் இருந்ததாக நினைவில்லை. எந்தப் பையனின் அப்பாவும் மைதானத்துக்கு வரவில்லை. ஹாக்கி எங்கள் சொந்த விஷயம். நான் பிளஸ் டூவில் ஆட்டத்தை விட்டபோது யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மட்டையைக் கொல்லைப்புறத்தில் சாய்த்து வைத்தேன், அவ்வளவுதான்.

இங்கே கதை வேறு. மையத்தின் வெளிவராந்தாவில் நீண்ட பெஞ்சுகள். வார நாட்களில் அவற்றில் அம்மாக்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாக்கள் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று, பயிற்சியாளருக்கு யோசனை சொல்லிவிட்டுப் போவார்கள். வார நாளில் நான் ஒருவன்தான் ஆண். அம்மாக்கள் மரியாதையாக ஒரு பெஞ்சை முழுவதும் எனக்கு விட்டுக்கொடுத்து, அடுத்த பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். மூன்றாவது நாள் அந்தக் கஷ்டத்தை அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று காருக்குப் போனேன்.

அப்படித்தான் ஆபீஸ் திறந்தது. இடப்பக்க இருக்கையில் ஸ்டியரிங் இடிக்காது. அதைப் பின்னால் தள்ளி, மடியில் ஒரு ரெக்சின் தலையணை வைத்து, அதன்மேல் லேப்டாப். பாட்டரி இரண்டு மணி நேரம்தான் தாங்கும். பயிற்சியும் இரண்டு மணி நேரம்தான். டிசம்பர் மூடுபனியில் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து, வெளியே எதுவும் தெரியாது. போன் வராது, அழைப்பு மணி அடிக்காது, குக்கர் கத்தாது. வீட்டில் நாள் முழுவதும் உட்கார்ந்தால் ஆகும் வேலையை அந்த இரண்டு மணி நேரத்தில் முடித்திருக்கிறேன். நீரிழிவு நோயாளிகளுக்கான கையேடு ஒன்று, ஒரு ஓய்வூதியத் திட்டத்தின் விளக்கப் புத்தகம், இரண்டு கார்களின் கையேடுகள் எல்லாம் அந்த இருக்கையில் பிறந்தவை.

என்னை அறியாமல் இன்னொன்றும் நடந்தது. கல்யாணங்களிலும் மலை மந்திர் கோவில் வாசலிலும் 'நீங்க என்ன பண்றீங்க?' என்று கேட்பவர்களுக்கு என்னிடம் புதிய பதில் ஒன்று கிடைத்துவிட்டது. "பொண்ணு பாட்மின்டன் ஆடறா. கோச்சிங்குக்கு நான்தான் கூட்டிக்கிட்டுப் போறேன்." உடனே முகங்கள் மலரும். ஓ, அப்படியா, பெரிய தியாகம் என்பார்கள். மொழிபெயர்ப்பாளர் என்றபோது கிடைக்காத மரியாதை விளையாட்டு வீராங்கனையின் அப்பாவுக்குக் கிடைத்தது. ஊரில் அப்பாகூட அக்கம்பக்கத்தில் அதைத்தான் சொல்ல ஆரம்பித்தார். மகள் ஆடினாள், நான் அவளுடைய ஆட்டத்தை என் விசிட்டிங் கார்டாக அச்சடித்துக்கொண்டேன்.

அவள் சுமாராக ஆடினாள். அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. கை வேகம் உண்டு, கால் வேகம் போதாது. வலைக்குப் பக்கத்தில் அழகாகத் தட்டுவாள், பின்கோட்டுக்குத் துரத்தினால் மூச்சு வாங்கும். பதினாறு இறகுகள் கொண்ட அந்தப் பந்து பயிற்சியில் எவ்வளவு சீக்கிரம் பிய்ந்துபோகும் என்பது செலவு செய்கிறவர்களுக்குத் தெரியும். பயிற்சியாளர் நேர்மையானவர், "மெஹனத் கரேகி தோ..." என்று இழுப்பார். உழைத்தால் வருவாள் என்று அர்த்தம். அந்த இழுவையை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஆனால் போகும்போதும் வரும்போதும் அவள் பேசினாள். பத்து வயதானதும் முன் இருக்கைக்கு வந்துவிட்டாள். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து 'ஸ்கூல்ல என்ன நடந்தது?' என்றால் 'ஒண்ணுமில்லை' என்று வரும். காரில் இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கணக்கு டீச்சர் அழவைத்தது, தோழி பேசாமல் போனது, தமிழ் தெரியாத தமிழ்ப் பெண் என்று யாரோ கேலி செய்தது, எல்லாம் பட்பட்கஞ்ச் சிக்னலுக்கும் கர்கர்டூமா சிக்னலுக்கும் நடுவில்தான் எனக்குத் தெரியவந்தன. ஏ.சி. போட்டால் வண்டி மேம்பாலம் ஏறாது. அதனால் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, பஸ் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பேசுவோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஒரே வாரத்தில் எங்கள் அடுக்குமாடியின் அத்தனை ஆண்களும் என் ஜாதியில் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாவது மாடியிலுள்ள மென்பொருள் பொறியாளர், என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பவர், முகக்கவசத்துக்குள்ளிருந்து, "வீட்டில் இருந்துகொண்டு எப்படி சார் வேலை செய்கிறீர்கள், ஐந்து நிமிடம் விடமாட்டேன் என்கிறார்களே?" என்று கேட்டார். பத்து வருட அனுபவத்தைப் படிக்கட்டில் நின்று அவருக்கு அள்ளி வழங்கினேன். வங்கி அத்தியாவசியச் சேவை என்பதால் என் மனைவி மட்டும் தினமும் வேலைக்குப் போய்வந்தாள். வீட்டுக்குள் நுழையுமுன் பால்கனியில் துணி மாற்றிக்கொள்வாள். இரண்டு குழந்தைகளுக்கும் இரண்டு அறைகளில் ஆன்லைன் வகுப்பு. எனக்கு இடமில்லை. கீழே நிறுத்தியிருந்த காருக்குப் போய் உட்கார்ந்தேன். ஆறு மணிக்குப் போனால் வெயில் ஏறும்வரை, எட்டரைவரை வேலை ஓடும். அதற்குமேல் தில்லி மே மாதம் விடாது.

பயிற்சி மையம் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. திறந்தபோதெல்லாம் நாங்கள் முதல் ஆளாகப் போனோம். 2021 ஜூலையில் தில்லியில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியபோதுகூட நான் கணக்குப் பார்க்கவில்லை. அந்த நவம்பரில் 13 வயதுக்கு உட்பட்டோருக்கான ஒரு போட்டி. முதல் சுற்றிலேயே 21-9, 21-7. எதிரே ஆடிய சிறுமி அவளைவிட ஒரு சாண் குள்ளம். காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, வீடு வரும்வரை அவள் பேசவில்லை. நான்தான் ஃபுட்வொர்க், ஃபுட்வொர்க் என்று ஒன்பது கிலோமீட்டரும் பேசிக்கொண்டே வந்தேன்.

2022 ஜனவரியில் மூன்றாவது அலையில் மறுபடி மூடி, பிப்ரவரியில் திறந்தார்கள். இரண்டாவது வாரம், திரும்பி வரும் வழியில், கர்கர்டூமா சிக்னல் சிவப்பில் இருந்தது.

"அப்பா, நாளைலேருந்து நான் வரலைப்பா."

"கால் வலிக்குதா?"

"இல்லை. எனக்குப் போதும்பா."

சிக்னல் பச்சையாகிப் பின்னால் ஹாரன்கள் அலறின. எனக்குள் கிளம்பியது கோபம். பேசக் கூடாததைத்தான் பேசினேன். அஞ்சு வருஷம், எத்தனை சாயங்காலம், உனக்காக என் வேலையை எல்லாம் ஓரமா வெச்சிட்டு...

அவள் குறுக்கிட்டாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்க கார்ல வேலை பாத்துக்கிட்டுதானேப்பா இருந்தீங்க?"

பதில் வரவில்லை. அவளே தொடர்ந்தாள். "வீட்டுல உங்களுக்கு உக்கார இடமே இல்லை. நான் இங்க வந்தாத்தான் நீங்க நிம்மதியா வேலை செய்வீங்க. அதனாலதான் போன வருஷமே சொல்லலை."

அடுத்த இரண்டு கிலோமீட்டர் எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. ஒரு வருடமாக அவள் எனக்கு ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்திருக்கிறாள், இரண்டு மணி நேரம் பின்கோட்டுக்கு ஓடி ஓடி. என் அப்பா நம்பாததை, பள்ளிக்கூடக் கவுன்டரில் அடித்துவிட்டதை, பூங்காவில் நானே சொல்லக் கூசியதை, அதாவது இந்த ஆள் வேலை செய்கிறார் என்பதை, ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் பக்கத்து இருக்கையிலிருந்து கவனித்துக் குறித்துவைத்திருக்கிறாள். பட்பட்கஞ்ச் அருகே ஓரமாக நிறுத்தி, இரண்டு பேரும் ஆளுக்கொரு பிளேட் மோமோ சாப்பிட்டோம். அம்மாவிடம் நான் சொல்கிறேன் என்றேன். "அம்மாவுக்குத் தெரியும்பா" என்றாள்.

காருக்கும் அந்த மார்ச்சோடு 15 வயது முடிந்தது. பத்து ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளும் 15 ஆண்டுக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகளும் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருந்தது. என்ஜின் நன்றாகத்தான் இருந்தது. புகைச் சான்றிதழில் ஒரு குறையும் வந்ததில்லை. இருந்தாலும் நவம்பர் மாதத் தில்லிக் காற்றை மூச்சில் இழுத்து, மகனுக்கு நெபுலைசர் வைத்த எவனும் அந்தத் தீர்ப்பை முழுமனதோடு திட்ட முடியாது. நான் அரைமனதோடு திட்டினேன். தடையில்லாச் சான்று வாங்கி ஊருக்கு அனுப்பச் சொல்லி கோவில்பட்டியிலிருந்து தம்பி போன் செய்தான். "அண்ணே, லாரில ஏத்திவிடுங்க, நான் பாத்துக்கறேன்." லாரி வாடகையைக் கேட்டுவிட்டு அவனே அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

நோய்டாவில் 2021 நவம்பரில் திறந்திருந்த அங்கீகாரம் பெற்ற பழைய வாகனப் பிரிப்பு மையத்துக்கு எழுதிக் கொடுத்தோம். முந்தின நாள் குழந்தைகளும் நானும் காரைச் சுத்தம் செய்தோம். இருக்கைகளுக்கு அடியிலிருந்து இறகு போன மூன்று பந்துகள், ஒரு கொலுசு, மகன் ஒளித்துவைத்த பாதி பிஸ்கெட் பாக்கெட், காற்றுப்பை அத்தியாயத்தின் திருத்தப்படி இரண்டு பக்கம் கிடைத்தன. மறுநாள் ஒரு பையன் வந்து இழுவை வண்டியில் ஏற்றினான். 650 கிலோ சொச்சம் எடை, இரும்பு விலை, கைக்கு வந்தது 20,000-க்குச் சற்று மேல். சில நாள் கழித்து வைப்புச் சான்றிதழ் என்று ஒரு தாள் வந்தது. அந்தப் படிவத்தின் தமிழ் வடிவத்தை யாராவது என்னிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தால் நன்றாகச் செய்வேன்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18 வயது குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனதை நாங்கள் நால்வரும் டி.வி.யில் பார்த்தோம். காது மூக்கு தொண்டை அறுவை நிபுணரான அவருடைய தந்தை ரஜினிகாந்த், மகனோடு ஊர் ஊராகப் போவதற்காக மருத்துவத் தொழிலையே நிறுத்திவைத்தவர். வீட்டைத் தாங்கியது நுண்ணுயிரியல் நிபுணரான தாய் பத்மாவின் சம்பளம். அரங்கத்துக்கு வெளியே தவித்து நின்ற அந்தத் தந்தையைக் காட்டியபோது என் கண் கலங்கியது. மகள் பார்த்துவிட்டாள். "அப்பா, நான் ஜெயிச்சிருந்தா நீங்களும் டி.வி.ல வந்திருப்பீங்க, ஸாரி" என்றாள். வீடே சிரித்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாக்களின் நினைவு வந்தது. அவர்களுடைய குழந்தைகளில் யாரும் பத்திரிகையில் வந்ததாகத் தெரியவில்லை.

வேறு கார் வாங்கவில்லை. மெட்ரோ இருக்கிறது, இ-ரிக்ஷா இருக்கிறது. மனைவி பால்கனியின் ஒரு பாதியைக் கண்ணாடி போட்டு அடைத்து ஒரு மேஜை வாங்கிக் கொடுத்தாள். கடைசியில் என் ஆபீஸுக்குக் கதவு வந்தது, உள்பக்கம் தாழ்ப்பாளும் உண்டு. இப்போது அங்கே உட்கார்ந்து மின்சாரக் கார் ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கிளட்ச் இல்லாத வண்டி. உரசிணைப்பித் தொல்லை தீர்ந்தது. மகளுக்குப் பதினாறு வயது. பாட்மின்டன் மட்டை பரண்மேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு பூங்காவில் நைலான் பந்து வைத்து ஆடும்போது இறங்கும். இந்த வேலைக்கு எவ்வளவு வரும் என்று போன வாரம் கேட்டாள். சொல் எண்ணிக்கையையும் விலையையும் சொன்னேன். செல்போனில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "அப்ப தம்பிக்கு ஷூ வாங்கிடலாம்பா" என்றாள்.

மகன் கால்பந்தாட்டத்தில் சேர்ந்திருக்கிறான். மைதானம் நடந்துபோகிற தூரம்தான். நான் கேட் வரைக்கும் போகிறேன்.